துண்டுக்குள் ஒரு கை

வேலை கேட்டுப் போகிற இடத்தில் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீக?" கேட்கிறவர்களுக்கு அது வெறும் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. மதுரை ஜெயிலில் இருந்தேன் என்றால் வேலை இல்லை. வெளியூரில் இருந்தேன் என்றால் எந்த ஊர், என்ன கம்பெனி, யாரைக் கேட்டால் தெரியும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

வெளியே வந்த புதிதில், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். திருச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நல்ல பிள்ளை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "சொல்லி அனுப்புறோம்ண்ணே" என்றார். என் செல் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. யாரிடம் சொல்லி அனுப்புவார், காக்காயிடமா?

செக்யூரிட்டி வேலைக்குப் போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கமே அப்புறம் போகவில்லை. பூட்டுப் பட்டறை ஒன்றில் கேட்டபோது அங்கே நின்ற ஒருத்தன், "அம்புட்டு நாள் உள்ள இருந்தும் பூட்டு மேல ஆச விடலயா ஒனக்கு" என்று சிரித்தான். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். அந்தக் கோபத்தால்தான் உள்ளே போனேன். அதனால் இப்போதெல்லாம் கோபம் வந்தால் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன். அன்றைக்கும் விட்டுக்கொண்டு, அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு சொல்லாமலே ஒரு வேலையில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கிற வேலை. கண் எரிந்தாலும் மனசு குளிர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். என்னைப் பார்த்ததும் பாதி இலையில் எழுந்துவிட்டார். கல்லாவில் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வர வேணாம்ப்பா, ஆள் போட்டாச்சு" என்றார்.

என் மனைவி மில்லில் பஞ்சுத் தூசி தின்று தின்று, இருமல் பிடித்து வீட்டோடு கிடந்த நேரம் அது. நான் உள்ளே இருந்த வருஷமெல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் மகளை வளர்த்தாள். "சொன்னா வேல கெடைக்கல, சொல்லலன்னா கெடச்சது நெலைக்கல. எது தேவலன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஊர் வடமதுரைக்குக் கிழக்கே. எங்கள் தோட்டத்துக்கும் பங்காளி வீட்டுத் தோட்டத்துக்கும் நடு வரப்பில் ஒரு முருங்கை மரம் நின்றது. எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவரின் தோட்டம் அது. அவருடைய மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே நாளில் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள், ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு நாள் காலையில் மரம் யாருடையது என்று பேச்சு வந்தது. பேச்சு ஏச்சானது. அவன் என் அம்மாவை ஒரு வார்த்தை சொன்னான். நான் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். ஒரு தள்ளுதான். மோட்டார் ரூம் படியில் அவன் பின்மண்டை பட்டது.

தக்காளி ஏற்ற வந்த டெம்போவில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அவன் கை என் கைக்குள் இருந்தது. வடமதுரை வரைக்கும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் பேச்சில்லை. கோர்ட்டில் அந்தத் தள்ளலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். டெம்போவில் என்ன பேசினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தண்டனை முடிந்துவிட்டது. கைதான் முடியவில்லை. அன்றைக்குத் தள்ளும்போது அவன் சட்டைப் பொத்தான் ஒன்று என் உள்ளங்கையில் அழுந்தியது. அது இன்றைக்கும் அழுந்துகிறது. சோறு பிசையும்போது வரும். மகளின் தலையைத் தடவப் போனால் வரும். உடனே இடது கைக்கு மாற்றிக்கொள்வேன். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும். நான் திண்டுக்கல்லில் வாடகை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் வருவான். பயமுறுத்த மாட்டான், மிரட்ட மாட்டான். டெம்போவில் கடைசியாகச் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஒரு பாயிடம் போய் நின்றது இதற்கெல்லாம் பிறகுதான். அவர் ஆட்டுத் தரகர். விற்க வருகிறவருக்கும் வாங்க வருகிறவருக்கும் நடுவில் நின்று விலை படியவைப்பது அவர் தொழில். ஆடுகளைப் பிடித்துக் கட்டவும் வண்டியில் ஏற்றவும் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடி எங்கப்பா இருந்த?"

"ஜெயில்ல."

"ஆடு திருடிட்டா?"

"இல்ல பாய். கொலக் கேசு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பச் சரி. ஆடு திருடுனவன்னா சேத்துக்க மாட்டேன்" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கிருந்த ஒரே பயம் எங்கள் ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்களோ என்பதுதான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆடு விற்க மணப்பாறைக்குத்தான் போவார்கள். அந்தத் தைரியத்தில் வியாழக்கிழமை தோறும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் பாயோடு ஊர் ஊராகப் போய் ஆடு பார்ப்போம். வீட்டில் உலை கொதித்தது. மனைவி இருமலுக்கு நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். விற்கிறவர் அதற்குள் கையை விடுவார். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, பாதி விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு. சுற்றி இருபது பேர் நின்றாலும் உள்ளே என்ன விலை போகிறது என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். அப்புறம் தரகர் வாங்குகிறவரிடம் போய் அதே போலத் துண்டைப் போடுவார். விலை படிந்ததும் துண்டை உருவிவிட்டு, எல்லாரும் பார்க்க விற்றவரின் உள்ளங்கையில் படீரென்று ஓர் அடி அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் வியாபாரம் முடிந்தது, உள்ளே கள்ளம் இல்லை என்று அர்த்தம். கை அடிக்காமல் முடித்தால் தரகர் நடுவில் காசை அமுக்கிவிட்டார் என்பார்கள்.

ஒரு வாரம் பாய் வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். துண்டை என் தோளில் போட்டு, "நீ பேசு" என்றார். என் கதை அதற்குள் சந்தையில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது. நான் துண்டை விரித்துக்கொண்டு நிற்கிறேன், ஒருவரும் கையை விடவில்லை. மேலே பார்க்கிறார்கள், ஆட்டின் பல்லைப் பார்க்கிறார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்கிற கதைதான்.

திண்டுக்கல்லிலிருந்து வரும் கறிக்கடைக்காரர் ஒருவர்தான் முதலில் வந்தார். "நான் தெனமும் விடிஞ்சா அறுக்கிறவன். எங்கிட்ட கை குடுக்க நீதான்டா பயப்படணும்" என்று சொல்லிக் கையை உள்ளே விட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பழகாத கைகள், காய்ப்புக் காய்த்த கைகள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மனிதர்கள் என் வலது கையைத் தொட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளின் தலையை வலது கையால் தடவினேன். பொத்தான் வரத்தான் செய்தது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை.

பாய்க்கு மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் துண்டு என் தோளிலேயே இருந்தது. "எனக்கு வயசாச்சு, நீயே பேசு" என்றார். எனக்கும் ஒரு தொழில் அமைந்துவிட்டது என்று நம்பத் தொடங்கியபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

கூட்டம் நெரிந்தது. இரண்டு கிடாய்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். நான் ஆடுகளைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. துண்டைப் போட்டேன். உள்ளே வந்த கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

அந்த விரலை எனக்குத் தெரியும். கிணற்று மோட்டார் பெல்ட்டில் சிக்கிப் போனது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்தக் கையில் ரத்தத்தோடு அவர் ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தேன். பெரியப்பாதான். தடிமனான கண்ணாடி, ஒட்டிப்போன கன்னம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே இல்லை. கண் தெரியவில்லை, ஆள் அடையாளம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் நிற்க முடிந்தது.

"வெலயக் கேக்கலயே அப்பு" என்றார்.

"சொல்லுங்கய்யா" என்றேன்.

விலையைச் சொன்னார். நான் ஒன்றும் குறைக்கவில்லை. நியாயமான விலைதான் கேட்டிருந்தார். கறிக்கடைக்காரரிடம் போய் அதே விலையைச் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். பணத்தை வாங்கி அப்படியே பெரியப்பா கையில் வைத்தேன். அவர் வழக்கப்படி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார், நான் அடிப்பதற்காக.

என்னால் முடியவில்லை. கையை ஓங்கக்கூட முடியவில்லை. அவர் மகனைத் தள்ளிய கையால் அவரை அடிப்பதா? அது வழக்கம்தான், வலிக்காது, சத்தம்தான் வரும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் கை எழவில்லை. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அடுத்த ஆட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் செத்த நேரம் கையை நீட்டியபடியே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

பத்துப் பேர் பார்த்தார்கள். பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள். சந்தை கலைவதற்குள் பேச்சு பாய் காதுக்குப் போய்விட்டது: கண் தெரியாத பெரியவரை ஏமாற்றிவிட்டான், உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை, கை அடிக்காமல் முடித்தான், ஜெயிலுக்குப் போனவன் புத்தி எங்கே போகும். பாய் என் தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள நடந்ததுக்கு ரெண்டே சாட்சி. ஒண்ணு நீ. ஒன் வார்த்தைய இங்க எவனும் நம்ப மாட்டான். அந்தப் பெரியவரு வந்து சொல்லட்டும். சொன்னா துண்டு ஒனக்கு. இல்லன்னா போய்க்க."

"அவர் வர மாட்டாரு பாய்."

"ஏன், ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"அவரு மகனத்தான் பாய் நான்..."

பாய் கையிலிருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "யா அல்லா" என்று மெல்லச் சொன்னார். "ஆனாலும் அவரு வாயாலதான் வரணும். நான் என்ன செய்ய."

அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஜெபிக்கவும் கூச்சமாக இருந்தது. அவர் வராவிட்டால் வேலை போகும். வந்து, அடையாளம் தெரிந்து, ஒரே ஒரு பொய் சொன்னாலும் போகும். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்றே எனக்குத் தோன்றியது. அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். ஆடு இல்லாமல், வெறும் கையோடு வந்தார். பாய் எழுந்து போய் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அய்யா, போன வாரம் இவன் துண்டுக்குள்ள பேசுன வெல என்ன, கைல குடுத்தது என்ன?"

கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் வாரமே அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

"பேசுனத அப்படியே குடுத்தான். ஒரு ரூவா கொறையல" என்றார். தொகையையும் சொன்னார். கறிக்கடைக்காரர், தான் கொடுத்ததும் அதேதான் என்றார்.

"பின்ன ஏன்டா கை அடிக்கல?" என்று பாய் என்னிடம் திரும்பினார். சுற்றி நிற்கிறவர்களின் காதில் விழட்டும் என்றுதான் கேட்டார்.

"என் கைய அவன் எப்பிடிப் பாய் அடிப்பான்" என்றார் பெரியப்பா. "விடுங்க. கணக்கு சரியா இருக்குல்ல."

பாய் துண்டைத் திரும்ப என் தோளில் போட்டார். கூட்டம் கலைந்தது. நான் பெரியப்பாவின் காலில் விழுவதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர் கிட்டே வந்தார்.

"துண்டப் போடு."

"ஆடு இல்லையே பெரியப்பா." அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த முறைச்சொல் என் வாயில் தானாக வந்துவிட்டது.

"போடுறான்னா."

போட்டேன். அந்தப் பாதி விரலுள்ள கை உள்ளே வந்தது. எந்த விரலையும் பிடிக்கவில்லை. மொத்தக் கையையும் பிடித்துக்கொண்டார். விலை பேசுகிறோம் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"நம்ம ஊர்க்காரகெல்லாம் மணப்பாறைக்குத்தான் போறாக. நீ இங்க இருக்கன்னு கேள்விப்பட்டுத்தான் நான் கெடாயப் பிடிச்சுட்டு வந்தேன். போன வாரமே கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல."

"என்ன பெரியப்பா?"

"டெம்போவுல ஒன் மடியிலதான கெடந்தான். இந்தக் கையத்தான பிடிச்சிருந்தான். ஏதாச்சும் சொன்னானா?"

இத்தனை வருஷமும் கல்லறைத் திருநாள் தோறும் என் காதில் வந்து சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. யாரிடம் சொல்லக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டானோ, அவரே வந்து கேட்கிறார். சொல்லாமல் இருந்தால் அவன் பேச்சைக் காப்பாற்றியதாகும். ஆனால் அந்தக் கை என் கையை விடவில்லை.

"'அய்யாகிட்டச் சொல்லிறாதடா, வைவாரு'ன்னு சொன்னான் பெரியப்பா. அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். பொழச்சு வீட்டுக்குப் போயிருவோம்னு நெனச்சுட்டு இருந்தான்."

அவர் தரையைப் பார்த்தார். துண்டுக்குள் அவர் கை என் கையை இறுக்கியது.

"வஞ்சிருப்பேன்" என்றார். "நல்லா வஞ்சிருப்பேன்."

பிறகு கையை உருவிக்கொண்டார். நான் துண்டை எடுத்தேன். என்ன நினைத்தேனோ, என் வலது உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். அவராவது ஓர் அடி அடித்து முடித்துவிடட்டும் என்று இருந்தது. அதைத்தான் நான் அத்தனை வருஷமாக எதிர்பார்த்திருக்கிறேன் என்று நீட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை.

"அது முடியாதுடா" என்றார். "முடிஞ்சிரும்னு நெனைக்காத. வேலையப் பாரு." தன் தோள் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

நான் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன். கறிக்கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கிட்டே வந்து, "வெயில் ஏறுதுப்பா, வெல பேசலாமா" என்றார். துண்டைப் போட்டேன். அவர் கை உள்ளே வந்தது. பொத்தான் அழுந்தியது. நான் விலை சொன்னேன்.